நொவிட்ஸ்கி: ஒரே அணியில் 21 சீசன், ஒரே ஒரு கோப்பை. எந்த வரிசையில் வைப்பீர்கள்?

வளையக்காரன்:
கூடைப்பந்தில் சிறந்த பவர் ஃபார்வர்டு (கூடைக்கு அருகே ஆடும் உயரமான முன்கள வீரர்) யார் என்ற பேச்சு வந்தால் டிம் டங்கனுக்கு முதல் நாற்காலியைப் போட்டுவிட்டு, இரண்டாவது நாற்காலிக்குக் கார்னெட், மலோன், பார்க்லி என்று இழுபறி நடத்துகிறீர்கள். டிர்க் நொவிட்ஸ்கியை மட்டும் "நல்ல ஷூட்டர், 2011இல் ஒரு கோப்பை" என்று ஒரே வரியில் அனுப்பிவைத்துவிடுகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதனால்தான் தனி இழை.

கணக்கு வேண்டுபவர்களுக்கு: 31,560 புள்ளிகள். 2019இல் ஓய்வு பெற்றபோது அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் வரலாற்றில் ஆறாவது இடம். 14 முறை ஆல் ஸ்டார் (அந்தந்த சீசனின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்). 2007இல் சீசனின் மதிப்புமிக்க வீரர், 2011 இறுதித் தொடரின் மதிப்புமிக்க வீரர். 1998 முதல் 2019 வரை டல்லாஸ் மேவரிக்ஸ் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டதில்லை.

ஆனால் என் வாதம் கணக்கைப் பற்றியது அல்ல. கோப்பை ஆண்டுதோறும் யாராவது ஒருவருக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. 2006, 2007 இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 2011 கோப்பையின் எடை தெரியும். அவர் தோற்ற விதத்தைச் சொல்லாமல் வென்றதை மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள்.

ஐந்தாம் ஃபவுல்:
ஐயா, தோல்வியையும் தகுதிப் பட்டியலில் சேர்க்கும் வாதத்தை இன்றுதான் பார்க்கிறேன். 21 சீசன் ஆடினால் புள்ளி சேரத்தான் செய்யும். டங்கனுக்கு ஐந்து கோப்பை. கார்னெட்டுக்கும் ஒன்றுதான் என்றாலும், அவர் தடுப்பாட்டத்தில் ஒரு மலை. நொவிட்ஸ்கியைத் தடுப்பாட்டத்தில் யாரிடம் நிறுத்துவது என்பதே டல்லாஸ் பயிற்சியாளர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஏழடி உயரம், ஆனால் கூடைக்கு அடியில் எதிரணி பயப்படும் ஆள் அவர் இல்லை. இதற்குப் பதில் சொல்லிவிட்டு நாற்காலியைப் பற்றிப் பேசுவோம்.

ரைன்கரையான்:
தடுப்பாட்டச் சண்டையை நீங்கள் நடத்துங்கள். நான் ஜேர்மனியில் இருப்பவன் என்பதால் அவருடைய தொடக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

இங்கே கூடைப்பந்தாட்டம் உதைபந்தாட்டத்தின் நிழலில் கிடந்த விளையாட்டு. நொவிட்ஸ்கி 1978 ஜூன் 19 அன்று வூர்ட்ஸ்புர்க்கில் பிறந்தவர். மைன் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். தந்தை ஹேண்ட்பால் வீரர். தாயும் அக்காவும் கூடைப்பந்தாட்டம் ஆடியவர்கள்; அதனாலேயே சிறுவனுக்கு அது பெண்கள் விளையாட்டு என்ற எண்ணம் இருந்ததாம். ஹேண்ட்பாலும் டென்னிசும் ஆடித் திரிந்தவர், உயரம் கட்டுக்கடங்காமல் போன பிறகுதான் கூடைப்பக்கம் வந்தார்.

பதின்வயதில் ஒரு ஆட்டத்தில் அவரைப் பார்த்தவர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜேர்மனி அணியின் தலைவர். கணிதமும் இயற்பியலும் படித்த மனிதர். பையனின் பெற்றோரிடம் பேசி, பயிற்சிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். எடை தூக்கிக் கட்டுடல் வளர்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. துடுப்பு வலி, வாள் வீசப் பழகு, புத்தகம் படி, ஒரு இசைக்கருவி வாசி என்றார். ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். பின்னாளில் நொவிட்ஸ்கி உலகப் புகழ் பெற்ற பிறகும் ஒவ்வொரு கோடையிலும் ரட்டெல்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூரின் சாதாரண உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து, அதே ஆளிடம் அதே பாடத்தைப் படித்தார்.

1998 மார்ச்சில் சான் அன்டோனியோவில் இளைஞர் ஆட்டம் ஒன்று நடந்தது; அமெரிக்க இளைஞர்களுக்கு எதிராக உலக இளைஞர்கள். கிளப் முக்கியமான தகுதிச் சுற்றில் இருந்த நேரம் அது. ஆசிரியரும் மாணவனும் ஒருவரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார்கள். அங்கே 33 புள்ளி, 14 ரீபவுண்ட் (தவறிய எறியின் பந்தைக் கைப்பற்றுவது). திரும்பி வரும்போது அவர் பெயர் அமெரிக்கா முழுவதும் போய்விட்டிருந்தது.

மணிக்கூண்டு:
அந்த ஆண்டு டிராஃப்ட்டில், அதாவது அணிகள் புதுமுகங்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மில்வாக்கிதானே இவரை எடுத்தது? டல்லாஸ் எப்படி வந்தது என்று யாராவது சொல்லுங்கள். 2011இல் எனக்கு விவரம் தெரியாத வயது.

வளையக்காரன்:
தம்பி, மில்வாக்கி ஒன்பதாவது இடத்தில் எடுத்தது உண்மை. ஆனால் அது டல்லாஸுடன் முன்பே பேசி வைத்த ஏற்பாடு. டல்லாஸ் ஆறாவது இடத்தில் ராபர்ட் டிரெய்லரை எடுத்து மில்வாக்கிக்குக் கொடுத்தது. பதிலுக்கு நொவிட்ஸ்கியையும் பாட் காரிட்டியையும் வாங்கியது. அதே கையோடு காரிட்டியையும் மற்றும் சிலரையும் ஃபீனிக்ஸுக்கு அனுப்பி ஸ்டீவ் நாஷைக் கொண்டுவந்தது. ஒரே நாளில் இரண்டு எதிர்கால மதிப்புமிக்க வீரர்கள்! பத்தாவது இடத்தில் நொவிட்ஸ்கிக்காகக் காத்திருந்த பாஸ்டன், கைக்கு வராததால் பால் பியர்ஸை எடுத்தது. அவர்களும் நஷ்டப்படவில்லை.

டிரெய்லரைப் பற்றி ஒன்று. "வரலாற்றின் மோசமான பேரம்" என்ற பட்டியல்களில் அவர் பெயரைப் போட்டுச் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் 2011 மே 11 அன்று, 34 வயதில், போர்ட்டோ ரிக்கோவில் இறந்தார். அப்போது டல்லாஸ் லேக்கர்ஸை வீழ்த்திவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தது. அந்த மனிதர் செய்த ஒரே தவறு, மில்வாக்கி அவரை விரும்பியது. அவரை விட்டுவிடுங்கள்.

மற்றபடி, நொவிட்ஸ்கியின் முதல் சீசன் பரிதாபம். உரிமையாளர்கள் கதவடைப்பால் சுருங்கிய 50 ஆட்டச் சீசன். சராசரி 8.2 புள்ளி. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தார்.

பி.டி. டீச்சர்:
பள்ளிப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் அவர் எறியும் முறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வளையத்தின் உள்விட்டம் சுமார் 45.7 செ.மீ. ஆண்கள் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு முழு வளையமும் திறந்திருக்கும். 45 டிகிரிச் சாய்வில் வரும் பந்தின் கண்ணுக்கு அது 32 செ.மீ. அகல நீள்வட்டமாகிவிடும். 30 டிகிரி என்றால் 23 செ.மீ.தான், விளிம்பில் படாமல் பந்து நுழைய வழியே இல்லை. ஆகவே உயரமாகப் போய்ச் செங்குத்தாக இறங்கும் பந்துக்குப் பிழை பொறுக்கும் இடம் அதிகம். கெஷ்விண்ட்னர் இதைத்தான் கணக்குப் போட்டார். கை சற்றுப் பிசகினாலும் உள்ளே விழும் பாதை எது என்று தேடி, அந்தப் பாதைக்கு ஏற்றபடி பையனின் முழங்காலையும் முழங்கையையும் விரல்களையும் பழக்கினார்.

அந்த ஒற்றைக்கால் எறியைக் கவனித்துப் பாருங்கள். கூடைக்கு முதுகு காட்டி நிற்கிறார். தோளைத் திருப்புகிறார். இடக்காலில் கொக்கு மாதிரி நின்று பின்பக்கமாகச் சாய்கிறார். வல முழங்கால் மேலே வருகிறது. அந்த முழங்கால் அலங்காரத்துக்கு அல்ல. தடுப்பவர் நெருங்கினால் முழங்காலில்தான் மோதுவார். நெருங்காவிட்டால் கை எட்டாது. ஏழடி ஆள், பின்னோக்கிச் சாய்ந்து, தலைக்கு மேலிருந்து விடும் பந்தை யார் தொட முடியும்? அவருக்குப் பிறகு டூராண்ட், லெப்ரான் எல்லாரும் இதைத் தங்கள் கையிருப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

என் மாணவிகள் இதை முதல் வாரத்திலேயே செய்ய ஆசைப்படுகிறார்கள். இரண்டு காலில் ஒழுங்காக நிற்கத் தெரிந்த பிறகு வாருங்கள் என்று துரத்திவிடுகிறேன்.

ஐந்தாம் ஃபவுல்:
டீச்சர், அருமையான விளக்கம். எறியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2006-07 சீசனில் களத்தில் 50.2 சதவீதம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே 41.6, ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறி) 90.4. ஏழடி ஆளிடம் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் அதே சீசனில் என்ன நடந்தது? 67 வெற்றி பெற்ற அணி, எட்டாவது இடத்தில் வந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே 4-2 என்று தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் இவர் 13 முறை எறிந்து இரண்டு மட்டும் போட்டார். மொத்தம் 8 புள்ளி. வெளியேறிய பிறகுதான் மதிப்புமிக்க வீரர் விருது கொடுத்தார்கள். அந்த மேடையில் அவர் முகத்தைப் பார்த்தால் அஞ்சலிக் கூட்டம் போல இருந்தது. இதையா தகுதி என்கிறீர்கள்?

வளையக்காரன்:
நண்பரே, நீங்கள் விட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் நின்ற பயிற்சியாளர் டான் நெல்சன். நொவிட்ஸ்கியை டல்லாஸுக்குக் கொண்டுவந்து, வெளியே நின்று எறிய விட்டு, நட்சத்திரமாக்கிய அதே மனிதர். அவருடைய பலவீனம் எது என்று நெல்சனைவிட யாருக்குத் தெரியும்? உயரம் குறைந்த, வேகமான ஆட்களை ஒட்டவிட்டு, பந்தை இடுப்புக்குக் கீழே இறக்கும்போதெல்லாம் தட்டிப் பறிக்கச் சொன்னார்.

தோற்ற இரவில் கோல்டன் ஸ்டேட்டின் ஓக்லண்ட் அரங்கின் நடைவழியில் நொவிட்ஸ்கி குப்பைத் தொட்டியை எடுத்து எறிந்தார். சுவரில் ஓட்டை விழுந்தது. அரங்கக்காரர்கள் அதை அடைக்காமல் கண்ணாடித் தகடு போட்டுப் பாதுகாத்தார்கள். பிறகொரு நாள் அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் அவர் கெஷ்விண்ட்னருடன் ஆஸ்திரேலியாவுக்குப் போய், வாரக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டு, தாடியோடு திரும்பினார்.

இதற்கு முந்தைய ஆண்டு இன்னும் கொடுமை. 2006இல் சான் அன்டோனியோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், மூன்று புள்ளி பின்தங்கி, அரை நிமிடம்கூட மீதம் இல்லாதபோது, உள்ளே புகுந்து ஃபவுலோடு கூடையும் போட்டு, ஆட்டத்தைச் சமமாக்கினார். 37 புள்ளி, 15 ரீபவுண்ட். கூடுதல் நேரத்தில் வெற்றி. அடுத்த சுற்றில் பழைய நண்பர் நாஷின் ஃபீனிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 50. இறுதித் தொடரில் மயாமிக்கு எதிராக 2-0. மூன்றாவது ஆட்டத்திலும் கடைசிக் கால்பகுதியில் 13 புள்ளி முன்னிலை. அங்கிருந்து எல்லாம் சரிந்தது. அந்த ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் சமன் செய்யக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை அவரே தவறவிட்டார். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோல்வி.

மணிக்கூண்டு:
அந்த 2006 தொடரில் மயாமியின் டுவைன் வேடுக்கு நடுவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்களே?

ஐந்தாம் ஃபவுல்:
வந்துவிட்டது பழைய ஒப்பாரி! ஆறு ஆட்டங்களில் வேட் 97 ஃப்ரீ த்ரோ எறிந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஒருவர் எறிந்தது 25, டல்லாஸ் அணி மொத்தமாக எறிந்ததும் 25. கணக்கு கண்ணை உறுத்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கூடைக்குள் புகுந்துகொண்டே இருப்பவனைத்தான் இடிப்பார்கள். வெளியே நின்று எறிபவனை யார் இடிப்பார்கள்? நொவிட்ஸ்கிகூட அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கி அடி வாங்கக் கற்றுக்கொண்டார்.

வளையக்காரன்:
நீங்களே என் வாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நன்றி.

பி.டி. டீச்சர்:
அவர் கற்றுக்கொண்டதை ஆட்டத்தில் பார்க்கலாம். 2007 வரை மூன்று புள்ளிக் கோட்டருகே பந்தை வாங்கி, கூடையை நோக்கி நின்று ஆடுவார். நெல்சனின் சிறிய ஆட்கள் அங்கேதான் அவரைப் பிடித்தார்கள். பிறகு ஃப்ரீ த்ரோ கோட்டின் அருகிலும் பக்கவாட்டில் நடுத் தொலைவிலும் முதுகு காட்டி வாங்க ஆரம்பித்தார். சிறிய ஆள் ஒட்டினால் தலைக்கு மேலே எறிவார். இரண்டு பேர் வந்தால் அங்கிருந்து நான்கு பக்கமும் பந்து கொடுக்கலாம். ஓட்டையைத் தெரிந்துகொண்டு அடைத்த விதம் இது.

வளையக்காரன்:
2011க்கு வருகிறேன். அணியைப் பாருங்கள்: 38 வயது ஜேசன் கிட், ஷான் மேரியன், ஜேசன் டெர்ரி, டைசன் சாண்ட்லர், ஜே.ஜே. பரேயா. அந்த சீசனில் நொவிட்ஸ்கியைத் தவிர ஒரு ஆல் ஸ்டார்கூட இல்லை. எதிரே லெப்ரான், வேட், பாஷ் மூவரும் சேர்ந்த மயாமி.

அதற்கு முன் நடப்பு சாம்பியன் லேக்கர்ஸை 4-0 என்று துடைத்தார்கள். ஓக்லஹோமாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இவர் 15 முறை எறிந்து 12 போட்டார், 24 ஃப்ரீ த்ரோவில் 24. மொத்தம் 48. நான்காவது ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்து கூடுதல் நேரத்தில் வென்றார்கள், இவர் 40.

இறுதித் தொடர், முதல் ஆட்டம்: தோல்வி, கூடவே இடக்கையின் நடுவிரலில் தசைநார் கிழிந்தது. இரண்டாவது ஆட்டம்: ஏழு நிமிடம் மீதமிருக்கும்போது மயாமி 88-73. டல்லாஸ் 95-93 என்று வென்றது. டல்லாஸின் கடைசி ஒன்பது புள்ளியும் இவருடையவை. வெற்றிக் கூடையை எந்தக் கையால் போட்டார் தெரியுமா? பாஷைத் தாண்டிப் போய், தசைநார் கிழிந்த அதே இடக்கையால் லேஅப். நான்காவது ஆட்டத்தில் 101 டிகிரிக் காய்ச்சலோடு 21 புள்ளி, 11 ரீபவுண்ட்.

ஆறாவது ஆட்டம், ஜூன் 12. முதல் பாதியில் 12 முறை எறிந்து ஒன்றுதான் விழுந்தது. 2007 மறுபடியும் வந்துவிட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். டெர்ரி 27 புள்ளி போட்டு அணியைத் தாங்கினார். இரண்டாம் பாதியில் இவர் 18. ஆட்டம் முடியும் சங்கு ஒலித்ததும், கட்டிப்பிடிக்க வந்தவர்களை விட்டு, மேசையைத் தாண்டிக் குதித்து, உடைமாற்றும் அறைக்கு ஓடிவிட்டார். அழுகையைக் கேமராவுக்குக் காட்ட விருப்பமில்லை. கோப்பை வாங்க அவரை வற்புறுத்தித்தான் திரும்ப அழைத்து வந்தார்கள்.

ஐந்தாம் ஃபவுல்:
நான் மயாமி ரசிகன். அந்தத் தொடரை இன்றும் முழுதாகப் பார்க்க மனம் வரவில்லை. ஐந்தாவது ஆட்டத்துக்கு முன் நம் ஆட்கள் இருவர் கேமரா முன்னால் இருமிக் காட்டி அவர் காய்ச்சலைக் கேலி செய்ததை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது. அந்த ஒரு மாதம் உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். சரி. ஆனாலும் ஒரு மாதத்தை வைத்து 21 சீசனை எடை போட முடியாது.

ரைன்கரையான்:
21 சீசனையே எடுங்கள். 2000-01 தொடங்கி 2010-11 வரை ஒவ்வொரு சீசனிலும் டல்லாஸுக்குக் குறைந்தது 50 வெற்றி. அவர் வருவதற்கு முன் எட்டு சீசன்களாக அந்த அணி பிளே ஆஃப் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பக்கமே தலைகாட்டாமல் இருந்தது.

கோடைகளில் எங்களுக்கும் ஆடினார். 2002 உலகப் போட்டியில் வெண்கலம், 2005 ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி. இரண்டிலும் தொடரின் மதிப்புமிக்க வீரர் அவரே. 2008இல் ஏதென்ஸில் தகுதிச் சுற்று வென்று ஒலிம்பிக்கில் நுழைந்தபோது அழுதார். பீஜிங் தொடக்க விழாவில் ஜேர்மனியக் கொடியை ஏந்தினார். 2023இல் உலகக் கோப்பையை வென்ற எங்கள் பிள்ளைகள் அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை.

மணிக்கூண்டு:
சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இருந்தார் என்பது உண்மையா? இந்தக் காலத்தில் நம்ப முடியவில்லை.

வளையக்காரன்:
2014இல் லேக்கர்ஸும் ஹூஸ்டனும் உச்சவரம்புச் சம்பளம் தரத் தயாராக இருந்தன. ஏறக்குறைய 97 மில்லியன் டாலர். அவர் டல்லாஸில் மூன்று ஆண்டுக்கு 25 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். மிச்சப் பணத்தில் நல்ல ஆட்களை எடுங்கள் என்பது எண்ணம். எடுத்தார்களா? 2011 கோப்பை வென்ற கையோடு சாண்ட்லரைப் போகவிட்டது இதே நிர்வாகம். அதற்குப் பிறகு இவர் ஓய்வு பெறும்வரை டல்லாஸ் ஒரு பிளே ஆஃப் சுற்றுகூட வெல்லவில்லை. விசுவாசம் ஒருவழிப் பாதையாகிவிட்டது என்பது என் வருத்தம்.

ஐந்தாம் ஃபவுல்:
இதில் நான் உங்களோடு நிற்கிறேன். அதே ஊரில் 2025 பிப்ரவரியில் அணியின் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை இரவோடு இரவாக லேக்கர்ஸுக்கு அனுப்பினார்களே! லேக்கர்ஸ் சட்டையில் லூகாவின் முதல் ஆட்டத்தைப் பார்க்க நொவிட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸுக்கே போய் உட்கார்ந்தார். வாய் திறந்து திட்டியிருந்தால்கூட நிர்வாகத்துக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

நடத்துநர்:
லூகா பேரத்துக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே நொவிட்ஸ்கி மட்டும்.

மணிக்கூண்டு:
ஒரு சின்னக் கேள்வி மட்டும், நடத்துநரே. பஞ்சாபின் சத்னாம் சிங்கை எடுத்ததும் டல்லாஸ்தானே?

வளையக்காரன்:
ஆம், 2015 டிராஃப்ட், 52ஆவது இடம். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தேர்வான முதல் ஆள். ஆனால் சீசன் ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை. நொவிட்ஸ்கிக்குக் கிடைத்த கெஷ்விண்ட்னர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

ஐந்தாம் ஃபவுல்:
என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: டங்கன், கார்னெட், பிறகு நொவிட்ஸ்கி. மலோனுக்கும் பார்க்லிக்கும் மேலே. இதற்கு மேல் இறங்க மாட்டேன். தடுப்பாட்டக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

வளையக்காரன்:
பதில் சாண்ட்லர். பின்னால் ஒரு நல்ல காவலை நிறுத்தியதும் கேள்வியே காணாமல் போனது. முன்னால் 2011இல் அவர் செய்ததை வேறு யாரையும் நிறுத்திச் செய்திருக்க முடியாது. என் பட்டியலில் டங்கனுக்கு அடுத்து அவர்தான்.

பி.டி. டீச்சர்:
நீங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டிருங்கள். மாணவிகளுக்கு முழு ஆட்டமாக ஒன்றைப் போட்டுக் காட்ட வேண்டும். எதைக் காட்டலாம்? தொகுப்புக் காட்சிகள் வேண்டாம், அதில் கால் வேலையே தெரிவதில்லை.

ஐந்தாம் ஃபவுல்:
டீச்சர், 2011 ஓக்லஹோமா, முதல் ஆட்டம். இபாகா, காலிசன், டூராண்ட் என்று ஆள் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் வேறு பதில் வைத்திருப்பார். பந்து கைக்கு வருவதற்கு முன் கால் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மயாமி தொடரைத் தயவுசெய்து போட வேண்டாம்.